எந்த வாயிலில் வந்தவர்?

ஒரே கணினியில் ஒரே வேளையில் நாற்பது பேர் வேலை செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கணக்கொன்றைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கின்றார். மற்றொருவர் தவறுதலாகத் தொடங்கிய வேலையை நிறுத்தும் பொருட்டுத் தடை விசையை அழுத்துகின்றார். மூன்றாமவர் தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள முனைகின்றார். முதலாமவரின் விடை அவர் கண்முன் வரவேண்டும். இரண்டாமவரின் விசை அவர் வேலையை மட்டுமே நிறுத்த வேண்டும். மூன்றாமவரின் இரகசியம் வேறு எவர் பக்கமும் திரும்பிவிடக் கூடாது. கணினிக்கோ கண் இல்லை. எதிரில் அமர்ந்திருப்பவர் முகத்தை அஃது அறியாது. அவ்வாறாயின், எது யாருக்கு உரியது என்பதை அஃது எங்ஙனம் பிரித்தறிகின்றது?

இப்பொறுப்பு இயங்குதளம் எனப்படும் அடிப்படை நிரலைச் சார்ந்தது. அது கண்டுகொண்ட வழியைச் சுருங்கச் சொன்னால், அஃது ஆளை அறிவதில்லை. ஆள் வந்த வாயிலையே அறிகின்றது. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு பெயர் உண்டு. அவ்வாயில் வழியே வந்தவர் தொடங்கும் ஒவ்வொரு வேலையின் மீதும் அப்பெயர் பொறிக்கப்படுகின்றது. கேட்பதற்கு மிக எளிய ஏற்பாடுதான். ஆயினும் கடந்த அறுபது ஆண்டுகளில் அது பன்முறை ஏமாற்றப்பட்டும் பன்முறை செப்பனிடப்பட்டும் வந்துள்ளது.

"நீ யார்?" என்னும் குறி

யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் அவ்வாயிலின் பெயர் இன்றும் 'டிடிஒய்' என்றே வழங்குகின்றது. 'டெலிடைப்ரைட்டர்' என்னும் சொல்லின் சுருக்கம் இது. தந்திக் கம்பியின் ஒரு முனையில் அடித்த எழுத்தை மறு முனையில் தாளில் அச்சிடும் தட்டச்சுப் பொறிதான் அது. சிகாகோ நகரில் மார்க்ரம் என்ற பெயரோடு தோன்றிய நிறுவனம் 1928இல் டெலிடைப் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. 1930இல் அமெரிக்கத் தொலைபேசித் துறையின் பெருநிறுவனமான ஏ.டி. அண்ட் டி. அதனை வாங்கியது. 1963இல் அந்நிறுவனம் வெளியிட்ட 33ஆம் எண் பொறி விலை மலிவானது. நொடிக்கு 10 எழுத்துகள் அடிக்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அறியும். அதே ஆண்டில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டை அது பேசியதால் கணினிக் கூடங்கள் அதனை விரும்பி ஏற்றன.

அப்பொறியினுள் ஒரு சிறிய உருளை இருந்தது. அதன் பற்களுள் வேண்டாதவற்றை ஒடித்து நீக்கி, ஏறத்தாழ 20 எழுத்துகள் கொண்ட ஒரு பெயரை அதில் பதித்து வைக்கலாம். மறு முனையிலிருந்து 'நீ யார்?' என்னும் குறி வந்தால், அருகில் ஆள் இல்லாவிடினும் உருளை தானே சுழன்று தன் பெயரைச் சொல்லிவிடும். அக்குறிக்கு ஆஸ்கி அட்டவணையில் 5ஆம் எண் ஒதுக்கப்பட்டிருந்தது. டெலெக்ஸ் அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. செய்தி உரிய இடத்திற்கே சேர்கின்றது என்பதை அவர்கள் இவ்வாறே உறுதிசெய்து கொண்டனர். ஆனால், கேள்வி 'நீ யார்?' என்பதாக இருந்தாலும் விடை கூறியது மனிதர் அல்லர், பொறியே என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பொறியின் முன் எவர் அமர்ந்திருந்தாலும் உருளை அதே பெயரைத்தான் சொல்லும்.

1961ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர் குழுவினரும் ஐ.பி.எம். 709 கணினியில் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். அதுவரை ஒரு கணினி ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்கு மறுநாள் வரவேண்டியிருந்தது. இப்பொழுதோ கணினி தன் காலத்தைச் சிறு சிறு கூறுகளாக்கி ஒவ்வொருவருக்கும் முறைவைத்து அளித்தது. இதனோடு 'கன்சோல்' என்னும் சொல்லின் பொருளும் விரிந்தது. முன்னர் அது கணினியை இயக்குபவர் முன் இருந்த விளக்குகளும் பொத்தான்களும் கொண்ட பலகையைக் குறித்தது. கொர்பாட்டோ குழுவினரின் எழுத்துகளில் ஒவ்வொரு பயனரின் தட்டச்சுப் பொறியும் கன்சோல் எனப்பட்டது. கணினிக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்கும் வழக்கத்தை முதலில் மேற்கொண்ட அமைப்புகளுள் இதுவும் ஒன்று. நுழையும்போது ஒரு முறை ஆளைக் கேட்பது, அதன்பின் வாயிலை நம்புவது என்ற முறை இங்கே வேரூன்றியது எனலாம்.

இரண்டே பணிகள்

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இவ்வரலாற்றின் நடுவிடம். முதலில் அஃது ஓடியது பிடிபி-7 என்னும் சிறு கணினியில். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைப் 'பணி' என்று குறிப்போம். அந்த முதல் யூனிக்ஸில் சரியாக இரண்டே பணிகள் இருந்தன என்று ரிட்சி பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஏனெனில், அக்கணினியில் இணைக்கப்பட்டிருந்த முனையங்கள் இரண்டு. முனையத்துக்கு ஒரு பணி. இந்நிலையில் 'இப்பணி எம்முனையத்துக்கு உரியது?' என்ற கேள்விக்கே இடமில்லை.

கேள்வியை எழுப்பியது ஒரு நல்ல கண்டுபிடிப்பு. ஒரு பணி தன்னைப் போலவே மற்றொரு பணியைப் பிறப்பிக்கும் ஆற்றலைத் தாம்சன் சேர்த்தார். பிடிபி-7இல் இதற்குத் தேவைப்பட்டவை 27 வரிகள் மட்டுமே என்கின்றார் ரிட்சி. அதன் பிறகு ஒரு பயனரின் கட்டளை ஒவ்வொன்றும் தாய்ப்பணியிலிருந்து பிறந்த சேய்ப்பணியாயிற்று. சேயும் பிறவற்றைப் பெறலாயிற்று. ஒரு முனையத்தின் பின்னால் ஒரு குடும்பமே வளர்ந்துவிட்டது. குடும்பத்தின் கடைக்குட்டிக்கும் தன் வீட்டு வாயில் எது என்று தெரிந்தாக வேண்டுமே!

தீர்வு எளிமையாகவே அமைந்தது. யூனிக்ஸில் கருவிகள் யாவும் கோப்புகளாகவே தோன்றும். 'டெவ்' என்னும் அடைவில் ஒவ்வொரு முனையமும் 'டிடிஒய்' என்ற பெயரோடு ஓர் எண்ணோ எழுத்தோ சேர்ந்த கோப்பாக இருக்கும். கணினி தொடங்கியதும் எழும் முதற்பணி, முனையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேய்ப்பணியைப் பெற்று வாயிலில் நிறுத்தும். அது தனக்குரிய முனையக் கோப்பைத் திறந்து, பயனரின் பெயரைக் கேட்டு எழுதிக் காத்திருக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியானால் அதே பணி அவருடைய கட்டளை ஏற்கும் நிரலாக உருமாறும். திறந்த கோப்புகள் தாயிடமிருந்து சேய்க்குச் சொத்துப் போல் இறங்குவதால், பயனர் தொடங்கும் ஒவ்வொரு வேலைக்கும் உள்ளீட்டு வழியும் வெளியீட்டு வழியும் அவர் முனையமாகவே இருக்கும்.

யார் எந்த முனையத்தில் உள்ளார் என்பதைக் குறித்து வைக்க 'யூடெம்ப்' என்னும் ஏடு ஒன்றும் வைக்கப்பட்டது. பள்ளியின் வருகைப் பதிவேட்டை ஒத்தது அது: பயனர் பெயர், முனையத்தின் பெயர், வந்த நேரம். 1971 நவம்பர் 3ஆம் நாளிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இவ்வேட்டைப் படித்துக் காட்டும் 'ஹூ' கட்டளையும், தன் முனையத்தின் பெயரைச் சொல்லும் 'டிடிஒய்' கட்டளையும், மற்றொருவர் முனையத்தில் செய்தி எழுதும் 'ரைட்' கட்டளையும், அவ்வாறு எழுத இடங்கொடாமல் தடுக்கும் 'மெசேஜ்' கட்டளையும் காணப்படுகின்றன. கணினியை ஓர் ஊர் போலப் பலர் கூடி வாழும் இடமாக அவர்கள் கருதியது இதனால் புலனாகும்.

திசை மாறிய வெளியீடு

சிக்கல் எங்கே எழுந்தது? யூனிக்ஸில் ஒரு கட்டளையின் வெளியீட்டை முனையத்துக்கு அனுப்பாமல் ஒரு கோப்புக்குத் திருப்பிவிடலாம். உள்ளீட்டையும் கோப்பிலிருந்து பெறலாம். இதுவே யூனிக்ஸின் பெருஞ்சிறப்பு. ஆனால், இரண்டையும் திருப்பிவிட்ட பிறகு நடுவில் கடவுச்சொல் கேட்க வேண்டி வந்தால் அந்நிரல் யாரைக் கேட்கும்? உள்ளீட்டு வழியில் கேட்டால் ஏதோ ஒரு கோப்பின் அடுத்த வரி கடவுச்சொல்லாகிவிடும்.

1975இல் வந்த ஆறாம் பதிப்பின் மூல நிரலில் இதற்குரிய விடை இருக்கின்றது. ஒவ்வொரு பணியைப் பற்றியும் இயங்குதளம் வைத்திருந்த குறிப்பில் 'கட்டுப்பாட்டு முனையம்' என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அவ்விடம் வெறுமையாயிருக்கும் பணி ஒன்று முதன்முதலில் எந்த முனையத்தைத் திறக்கின்றதோ, அம்முனையமே அவ்விடத்தில் எழுதப்படும். பின்னர்ப் பிறக்கும் சேய்ப்பணிகள் அனைத்தும் அதனையும் பெறும். உள்ளீட்டையும் வெளியீட்டையும் எங்கே திருப்பினாலும் இக்குறிப்பு மாறாது. எண்ணோ எழுத்தோ சேராத வெறும் 'டிடிஒய்' என்னும் சிறப்புக் கோப்பைத் திறந்தால், திறந்தவரின் கட்டுப்பாட்டு முனையமே கிடைக்கும். பத்துப் பேர் திறந்தால் பத்துப் பேருக்கும் தத்தம் முனையம். 'என் வீடு' என்ற ஒரே சொல்லை ஒவ்வொருவரும் சொல்ல, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வீடு பொருளாவது போன்றது இது. ஏழாம் பதிப்பில், 1979இல், கடவுச்சொல் கேட்கும் உட்கூறு இக்கோப்பைத் திறந்தே கேட்டது.

தடை விசையின் வேலையும் இதனாலேயே இயன்றது. ஒரு முனையத்தில் அவ்விசை அழுத்தப்பட்டதும், இயங்குதளம் பணிகள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து, எவற்றின் கட்டுப்பாட்டு முனையம் அதுவோ அவற்றுக்கு மட்டும் நிறுத்தக் குறி அனுப்பும்.

இந்த ஆறாம் பதிப்பின் நிரலுக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ் தம் மாணவர்க்கென விரிவான விளக்கம் எழுதினார். உரையாசிரியர் மரபில் வளர்ந்த நமக்கு இஃது உவப்பான செய்தி. மூலமும் உரையுமாக அமைந்த அந்நூல் உரிமக் கட்டுப்பாட்டால் பல்லாண்டு படிக்குப் படி நகலெடுக்கப்பட்டே பரவி, 1996இல்தான் முறையாக அச்சேறியது. முனைய நிரல் பற்றிய அதன் பகுதி இன்றும் தெளிவு குன்றாமல் இருக்கின்றது.

கட்டுப்பாட்டு முனையம் எது என்பது ஒரு பணியின் உட்குறிப்பில் இருந்தாலும், அதன் பெயரைக் கண்டறியும் வழி அன்று சுற்றுவழியாகவே இருந்தது. ஆறாம் பதிப்பில் ஒரு நிரல் தான் திறந்து வைத்திருக்கும் கோப்பின் உள் எண்ணைக் கேட்டறிந்து, 'டெவ்' அடைவில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அதே எண் உடையது எது எனத் தேடியது. அகப்பட்டால் அப்பெயரின் ஈற்றெழுத்து விடை. அகப்படாவிட்டால் 'எக்ஸ்' என்னும் எழுத்து விடை. பின்னர் முழுப்பெயரும் கிடைக்கலாயிற்று.

இச்சுற்றுவழியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 'இப்பணியைத் தொடங்கியவர் யார்?' என்று கேட்ட நிரல்களுக்கு ஏழாம் பதிப்பு விடை கண்ட முறை இதுதான்: முதலில் உள்ளீட்டு வழி ஒரு முனையமா என்று பார், இல்லையேல் வெளியீட்டு வழியைப் பார், அதுவும் இல்லையேல் பிழைச் செய்தி வழியைப் பார். முனையத்தின் பெயர் கிடைத்ததும் வருகைப் பதிவேட்டில் அதற்கு நேரே உள்ள பெயரைப் படி. வழிகளைத் திருப்பிவிடும் உரிமையோ பயனரிடமே இருந்தது! ஒருவர் தம் உள்ளீட்டை வெற்றுக் கோப்புக்கும், வெளியீட்டை மற்றொருவர் முனையத்துக்கும் திருப்பிவிட்டு நிரலைத் தொடங்கினால், அது பதிவேட்டைப் பார்த்து அந்த மற்றொருவர் பெயரைக் கூறிவிடும். செய்தி எழுத இடங்கொடுத்து முனையத்தைத் திறந்து வைத்திருந்தவர் பெயரில் வேறொருவர் பேசலாம். அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவனை அவ்வீட்டுப் பிள்ளை என்று எழுதிக்கொண்ட கதைதான். இவ்விடையைப் பாதுகாப்பு கருதி நம்பலாகாது என்ற எச்சரிக்கை கையேடுகளில் நெடுங்காலம் இடம்பெற்றது. பயனர் பெயரை ஏட்டில் தேடாமல் இயங்குதளத்தின் உள்ளேயே அமர்வோடு சேர்த்து வைக்கும் முறை பெர்க்லி யூனிக்ஸின் 4.4 பதிப்பில், 1993இல் வந்தது.

அறுந்த கம்பியும் விட்டுச்சென்ற பணியும்

தொலைபேசி வழியாக நுழைந்தவர்களால் மற்றொரு தொல்லை வந்தது. பல தொலைபேசிக் கம்பிகள் கணினியில் முடியும். அழைப்பவருக்கு அவற்றுள் எது ஒழிந்திருக்கின்றதோ அது கிடைக்கும். ஆகவே காலையில் ஒருவருடைய வாயிலாக இருந்தது மாலையில் வேறொருவருடையது. முன்னவர் முறைப்படி விடைபெறாமல் தொலைபேசியை வைத்துவிட்டால் என்னாகும்? அடுத்து அழைத்தவர் முன்னவரின் கோப்புகளுக்கு நடுவே போய் நிற்கும் ஆபத்து உண்டு. அதனால், கம்பி அறுந்ததும் அம்முனையத்துப் பணிகள் அனைத்துக்கும் 'அழைப்பு முடிந்தது' என்ற குறி அனுப்பப்பட்டது. அதனைப் பெற்ற பணி முடிந்துபோகும்.

ஆயினும், அக்குறியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓடும்படி ஒரு பணியை எழுதலாம். நெடுநேரக் கணக்குகளுக்கு அது தேவையுமாகும். தீயவர் ஒருவர் அத்தகைய பணியொன்றை முனையத்தைத் திறந்த நிலையிலேயே விட்டுச் சென்றால், அடுத்து அதே வாயிலில் வருபவர் அடிக்கும் எழுத்துகளை அது பறித்துப் படிக்கும். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். வாயிலின் பெயர் ஒன்றே, ஆட்கள் இருவர். வாயிலை மட்டுமே நம்பிய முறையின் அடிப்படைக் குறை இங்கே வெளிப்பட்டது. பெர்க்லி யூனிக்ஸில், 1980களின் தொடக்கத்தில், ஒரு முனையத்தைப் பிடித்திருந்த பழைய பிடிகளையெல்லாம் அறுத்துவிட்டுப் புதியவருக்குக் கொடுக்கும் கட்டளை சேர்க்கப்பட்டது.

அதே காலத்தில் ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க் நகரில் உள்ள பன்னாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஜிம் கல்ப் என்பவர் ஒரு முனையத்தில் பல வேலைகளை நிறுத்தியும் தொடர்ந்தும் மாற்றி மாற்றி நடத்தும் முறையை உருவாக்கினார்; பெர்க்லி அதனை ஏற்றது. எனவே தடை விசை இனிக் குடும்பம் முழுவதற்கும் போகலாகாது. முன்னிற்கும் குழுவுக்கு மட்டுமே போகவேண்டும். இவ்விதிகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி 1988இல் பாசிக்ஸ் என்னும் பொதுநெறி 'அமர்வு' என்ற கருத்தை வரையறுத்தது. பணிகள் சேர்ந்து குழு. குழுக்கள் சேர்ந்து அமர்வு. அமர்வுக்கு ஒரு தலைவர். அமர்வுக்கு மிஞ்சினால் ஒரே கட்டுப்பாட்டு முனையம். ஒரு முனையம் இரண்டு அமர்வுகளுக்குக் கட்டுப்பாட்டு முனையம் ஆகாது. குழப்பம் பெரும்பாலும் இத்துடன் தீர்ந்தது.

பொறி மறைந்தது, பெயர் நின்றது

இதற்குள் தட்டச்சுப் பொறியே மறையத் தொடங்கிவிட்டது. கண்ணாடித் திரைகள் வந்தன; பிறகு வலைப்பின்னல் வழியே தொலைவிலிருந்து நுழைவோர் வந்தனர்; ஒரே திரையில் பல சாளரங்களும் வந்தன. இவர்களுக்குக் கம்பி ஏது, வாயில் ஏது? ஆனால் நிரல்கள் யாவும் முனையத்தை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருந்தன. ஆகவே இயங்குதளங்கள் இல்லாத முனையத்தை இருப்பதாகக் காட்டும் 'போலி முனையம்' என்பதைப் படைத்தன. 1983இல் வந்த பெர்க்லி 4.2 பதிப்பில் இது வலைப்பின்னல் நுழைவுக்கு அடிப்படையாயிற்று. ஒரு பக்கத்தில் வலைநிரல் அமர்ந்து பயனர்போல் எழுத்துகளைத் தரும். மறுபக்கத்தில் பணிகளுக்கு அது மெய்யான டிடிஒய் போலவே தோன்றும்.

சாளர நிரல்கள் பெருகியபோது வருகைப் பதிவேட்டுக்கு ஆபத்து வந்தது. சாதாரணப் பயனர் ஓட்டும் சாளர நிரலும் தன் போலி முனையத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்காக, சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4 வரிசையில் அவ்வேடு எவரும் எழுதக்கூடியதாக விடப்பட்டிருந்தது. ஏட்டில் முனையத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர் வேறொரு கோப்பின் பெயரை எழுதி வைத்தால், ஏட்டை நம்பிச் செய்தி அனுப்பும் உயர் அதிகார நிரல் அக்கோப்பிலேயே எழுதிவிடும். கணினிப் பாதுகாப்புக்கான அமெரிக்க அவசரக் குழு 1994இல் இதனைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. பதிவேட்டை மாணவர் கையில் கொடுத்துவிட்டு வருகையைக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கணினி பயனரை அறிவது ஒருபுறம் இருக்க, பயனர் கணினியை அறிவதும் ஒரு சிக்கலே. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் போலி நிரலொன்றை முனையத்தில் ஓடவிட்டுப் போனால் வருபவர் எப்படி அறிவார்? 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, நுழையுமுன் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னது இதற்காகவே. அச்சேர்க்கையைச் சாதாரண நிரல் எதுவும் இடைமறிக்க இயலாது. அதன் வழிவந்த விண்டோஸ்கள் அமர்வுகளுக்கு எண் இட்டு, மெய்யான திரைக்கும் விசைப்பலகைக்கும் முன்னுள்ள அமர்வு எது என்று கேட்டறியும் வழியையும் தந்தன.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் பழைய பெயர்களை அப்படியே பேணியது. ஒரே திரை, ஒரே விசைப்பலகை கொண்ட சிறு கணினியில் பல கற்பனைக் கன்சோல்களை அமைத்து, அவற்றுக்கு டிடிஒய்-1, டிடிஒய்-2 என எண் இட்டது. தட்டச்சுப் பொறியைக் கண்டே அறியாத இளைஞர்கள் இன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி அவற்றுக்கிடையே மாறுகின்றனர். இயங்குதளம் தன் செய்திகளைச் சொல்லும் இடம் தனியே 'கன்சோல்' எனப்படும். லினக்ஸின் கருவி எண்வரிசையில், திறப்பவரின் முனையமாக மாறும் அந்த வெறும் 'டிடிஒய்'க்கு 5, 0 என்ற எண். கன்சோலுக்கு 5, 1 என்ற எண். அடுத்தடுத்த எண்களாயினும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது கேட்பவரைப் பொறுத்தது; இரண்டாவது கணினியைப் பொறுத்தது. இதனை அறியாமல் இரண்டையும் ஒன்றாகக் கருதி எழுதிய நிரல்கள், தம் பயனருக்குச் சொல்ல வேண்டியதைக் கணினி அறையின் திரையில் சொல்லும்.

முனையமே இல்லாத பணிகளும் இன்று ஏராளம். கால அட்டவணைப்படி நள்ளிரவில் தானே எழுந்து நகலெடுக்கும் பணிக்கு வாயில் எதுவும் இல்லை. அதனுள்ளிருந்து பழைய 'டிடிஒய்' கட்டளையை ஓட்டினால் 'டிடிஒய் அன்று' என்ற விடையே வரும். அதற்குத் தடை விசையும் கிடையாது. நிறுத்த விரும்புபவர் அதன் பணி எண்ணைத் தேடிப் பிடித்து, அவ்வெண்ணுக்கே குறி அனுப்ப வேண்டும்.